நீளமாக ஒன்று, குட்டியாக ஒன்று

பெட்ரோல் குறைவாக இருந்தால்கூட அந்தக் காரை எடுத்துவிடலாம், டப்பா இல்லாமல் எடுக்க முடியாது. பழைய பிஸ்கட் டப்பாதான். உள்ளே பியூஸ்கள், ரெண்டு ரிலே, ஹெட்லைட் பல்பு, ஒரு காயில், ஒயர் சுருள், இன்சுலேஷன் டேப். எல்லாம் அண்ணன் அடுக்கி வைத்தபடியே இருந்தது. சேந்தமங்கலத்தில் அண்ணனும் நானும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஒயரிங் செய்யும் கடை வைத்திருந்தோம். பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை என்று கேட்டவர்களெல்லாம் வண்டி நின்றுபோனால் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

அது ரெண்டே பேர் உட்காரக்கூடிய சீமை ஸ்போர்ட்ஸ் கார். நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில், சீட்டில் கோழி அடைபடுக்க, கேட்பாரற்றுக் கிடந்ததை அண்ணன் ஆசைப்பட்டு வாங்கி வந்தான். அதற்குப் பட்ட பாட்டுக்கு ஒரு வீடே கட்டியிருக்கலாம் என்று நான் திட்டுவேன். ஒயரிங்கை ஒரு பக்கம் சரிசெய்தால் இன்னொரு பக்கம் பல்லைக் காட்டும். அதற்காகத்தான் அந்த டப்பா.

போன வருஷம் அண்ணன் போய்விட்டான். கடையில், வேலையின் நடுவே, மாரடைப்பு. அதை எழுத எனக்கு இன்னும் தெம்பில்லை.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். அண்ணன் இருந்தவரை, சந்துக்குள் வந்து வீட்டு இரும்புக் கேட்டுக்கு நேராகக் காரைத் திருப்பும்போது ஹாரன் அடிப்பான். நீளமாக ஒன்று, குட்டியாக ஒன்று. நங்கை கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவந்து திறப்பார்.

அவன் போன பிறகு, பேட்டரி செத்துவிடக் கூடாதென்று மாதம் ஒருமுறை காரை எடுத்து ஊரைச் சுற்றி வருவேன். முதல் தடவை திரும்பி வந்தபோது, கேட்டுக்கு நேராக ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன். ஹாரன் அடித்தது. நீளமாக ஒன்று, குட்டியாக ஒன்று. நான் அதைத் தொடவே இல்லை. நங்கை உள்ளேயிருந்து ஓடிவந்து கேட்டைத் திறந்தார். திறந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

பேயுமில்லை பிசாசுமில்லை, ஒயர் எங்கேயோ இரும்பில் படுகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் முதுகு சில்லிட்டது. எலுமிச்சம்பழம் சுற்றிப் போடச் சொன்ன பக்கத்து வீட்டு அக்காவின் மேல் எரிந்து விழுந்தேன். கடையில் வேலை குவிந்து கிடந்தது, பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நாளில் நங்கை வாராவாரம் கேட்க ஆரம்பித்தார், காரை ஒரு சுத்து எடுத்துட்டு வாயேன், பேட்டரி செத்துருமாமே என்று. பேட்டரி காரில் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. நானும் எடுத்துப் போவேன், திரும்பும்போதெல்லாம் கேட்டுக்கு நேராக அது அடிக்கும்.

வருஷத் திவசம் முடிந்ததும், அந்தக் காரிலேயே கொல்லிமலைக்குப் போகலாம் என்றார். அங்கிருக்கும் அறப்பளீஸ்வரரைக் கும்பிட என்று நினைத்தேன். பஸ் இருக்கிறது, வாடகைக் கார் இருக்கிறது, இந்தச் சனியன் வழியில் நின்றால் எந்த வளைவில் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் பிடித்த பிடியை விடவில்லை. சரியென்று டப்பாவில் இருந்ததை ஒவ்வொன்றாகச் சோதித்து எடுத்து வைத்தேன்.

காரவள்ளி தாண்டி, முதல் கொண்டை ஊசி வளைவிலேயே ஹாரன் கத்தியது. ஒடிக்கும்போது நீளமாக, நேராக்கும்போது குட்டியாக. எதிர்ச் சரிவில் பட்டு அந்தச் சத்தம் திரும்பி வந்தது. அடுத்த வளைவிலும் அதேதான். நங்கை மடியில் கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பயப்படுகிறார் என்று நினைத்தேன். எனக்கோ பின்னாலிருந்து அண்ணன் கையை நீட்டி அடிக்கிற மாதிரியே இருந்தது. அந்தக் காரில் பின் சீட்டே கிடையாது. ஆனாலும் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

பத்துப் பன்னிரண்டு வளைவுக்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. குரங்குகள் உட்கார்ந்திருந்த ஒரு வளைவில் ஓரங்கட்டினேன். எஞ்சின் சூடாகிவிட்டது போல என்று நங்கை தானே இறங்கிப்போய், கீழே தெரிந்த வயல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்டியரிங்குக்கு அடியில் மூடியைக் கழற்றினேன். நினைத்தது சரிதான். ஹாரன் ஒயரின் தோல் தேய்ந்து செம்பு தெரிந்தது, முழுக்க ஒடித்தால் இரும்பில் பட்டது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துச் சரிவில் வீசினேன். டப்பாவிலிருந்து புது ஒயர் கோத்து டேப் சுற்றினேன்.

அடுத்த வளைவு சத்தமில்லாமல் போயிற்று. அப்பாடா என்றிருந்தது. அதற்கடுத்த வளைவும் போயிற்று. நங்கை கண்ணைத் திறந்தார்.

"சத்தத்தையே காணோமே, கண்ணு?"

சரி பண்ணிவிட்டேன், இனிப் பயமில்லை என்று பெருமையாகச் சொன்னேன். பழைய ஒயர் எங்கே என்று கேட்டார். எறிந்துவிட்டேன் என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழ ஆரம்பித்தார். நான் காரை நிறுத்தினேன்.

"நம்மூட்டுக் கேட்டுல வாரத்துக்கு ஒருக்காத்தான் அடிக்குது. இங்க எழுவது வளைவு இருக்குதுன்னுதான் வந்தேன், கண்ணு."

காரை மறுபடி எடுத்தேன். என்ன செய்வதென்று தெரியாமல், அடுத்த வளைவில் நானே அடித்தேன், நீளமாக ஒன்று, குட்டியாக ஒன்று. அச்சு அசலாக அதே சத்தம்தான்.

"அது நீ அடிக்கறது," என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அதற்கு மேல், எதிரே பஸ் வந்த இடங்களில் மட்டும்தான் ஹாரனைத் தொட்டேன். கோயிலில் கும்பிட்டுவிட்டு மலையிறங்கும்போது அந்தக் குரங்கு வளைவில் நிறுத்தி, சரிவில் இறங்கித் தேடினேன். முள்ளும் புதரும்தான் இருந்தன. கையைக் கிழித்துக்கொண்டு ஏறி வந்தேன். டப்பாவில் கஜக்கணக்கில் புது ஒயர் இருந்தது.

சாயங்காலம் சந்துக்குள் வந்து, மூடியிருந்த கேட்டுக்கு நேராக ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன். ஒரு சத்தமும் இல்லை. நங்கை கேட்டைப் பார்த்தார். பிறகு இறங்கிப் போய்த் திறந்தார். காரை உள்ளே விட்டுவிட்டு நான் கேட்டைச் சாத்தப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாத்தாத, கண்ணு. இனி உங்கண்ணன் வந்தாலும் சத்தமில்லாமத்தான் வரோணும்."

அன்றிலிருந்து அது ராப்பகலாகத் திறந்தே கிடக்கிறது. ஆடு வந்து செம்பருத்தியை மேய்கிறது, தெருநாய் காருக்கடியில் படுத்துக்கொள்கிறது. நானும் சாத்துவதில்லை.