நெட்டைச் சாத்துக்குடிக்காரர்

செவிலிமேட்டில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் இரண்டு சாத்துக்குடி ஒட்டுக்கன்றுகள் நட்டிருந்தார். காட்டு எலுமிச்சை வேரில் ஒட்டியது மளமளவென்று வளர்ந்தது, அது அவருடையது. வேறு வேரில் ஒட்டியது குட்டையாகவே நின்றது. அது அவர் மனைவியுடையது. ஒல்லியான அந்த மனிதர் தினமும் பட்டு நூலால் நெட்டையின் அடிமரத்தை அளந்து, சமையலறை ஜன்னலில் நின்று மனைவிக்குக் காட்டுவார்.

காய்த்தபோது நெட்டையில் கூடை கூடையாகப் பழம், குட்டையில் கொஞ்சம்தான். இரண்டிலும் ஒவ்வொன்றை உரித்து என்னிடம் நீட்டினார்.

"எதுபா இனிக்குது?"

"குட்டைதான் சார். நெட்டை தோல் தடிச்சு சப்புன்னு இருக்குது."

அவர் முகம் வாடியது. "எல்லாம் அந்த வேர் பண்ற வேலைபா. வீட்டம்மா காதுல மட்டும் போட்டுடாத."

மறுநாள் காலையில் அவர் குட்டை மரத்துக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குடத்தை நெட்டைப் பக்கம் திருப்பினார். அவர் எந்தக் கட்சி என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.