வாசலில் நின்ற களை

மலேசியாவில், யோங் பெங்கில் என் பக்கத்து வீட்டுக்காரர் முப்பது வருஷம் செம்பனைத் தோட்டத்தில் களைக்கு மருந்தடித்தவர். ஓய்வு பெற்றதும் வாசலில் ஆசையாக வளர்த்தது சென்டுடுக். செம்பனைக்கு நடுவே ஊதாப் பூவோடு நிற்குமே, அவர் மருந்தடித்த அதே களைதான். ஆள் குள்ளம், செடி அவரைவிட இரண்டு சாண் உயரம். பூவில் கருவண்டு இருந்தால் கேட்டைத் திறக்க மாட்டார். கடையில் வாங்கிவந்த ரொட்டி சானாய் ஆறினாலும், அது பறக்கும்வரை பொட்டலத்தோடு வெயிலில் நிற்பார்.

நான் காரைப் பின்னால் எடுக்கையில் செடி ரோட்டை மறைத்தது. வெட்டச் சொல்லத்தான் போனேன்.

"அங்கிள், தோட்டத்துல இதத்தானே அடிச்சிக் கொன்னீங்க?"

"எங்க செத்துச்சு? அடுத்த மாசமே தலையத் தூக்கிட்டு நிக்கும் லா. கடைசியில நான்தான் வேலைய விட்டு நின்னேன். ஜெயிச்சதுக்கு வாசல்லயாவது எடம் குடுக்கணும்ல."

வந்த காரியத்தைச் சொல்லாமலே திரும்பினேன்.

போன வருஷம் என் வாசலிலும் ஒரு கன்று முளைத்தது. பிடுங்கக் குனிந்தேன். வேலிக்கு மேல் அவருடைய கண்கள் மட்டும் தெரிந்தன. செருப்பு வாரை மாட்டுவதுபோல் நடித்து எழுந்தேன். போட்டிருந்தது மாட்ட வாரே இல்லாத ஜப்பான் சிலிப்பர்.

இன்று காலை என் வாசல் செடியில் ஒரு கருவண்டு. வேலைக்கு நேரமாகியும் கார்ச் சாவியோடு நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பக்கம் அவர், ரொட்டிப் பொட்டலத்தோடு.