பனியில் ஒரு புதுப்பாதை

வட துருவத்துக்கு அருகே, மிதக்கும் கடற்பனிமேல் அடித்த சமையல் கூடாரத்தில் தேநீர் குடிக்கிறேன். ஏப்ரலில் சில வாரங்கள் மட்டும் தனியார் நடத்தும் முகாம் இது. ஒஸ்லோவிலிருந்து படம் எடுக்க வந்த எனக்குத் தேநீர் தருபவர் அதே நகரின் குரோருட் பகுதியில் வசிக்கும் யாழ்ப்பாணத்துக்காரர், முகாமின் சமையற்காரர் சிவம் அண்ணை.

காலையில் எழுந்தபோது பனியில் போட்ட ஓடுபாதை பிளந்து கிடந்தது. புதுப்பாதை போட்டால்தான் நோர்வேயின் சுவால்பார்ட் தீவுகளிலிருந்து விமானம் கிளம்பும். அதில் அவர் மனைவி வருகிறார்.

"இண்டைக்கு வராட்டி?"

"பிறகு வரவே மாட்டா, தங்கச்சி. மூண்டு வருசமாக் கூப்பிட்டு இப்பதான் ஓமெண்டவ. வாரும், சவளைப் பிடியும்."

டிராக்டர் பனியை மட்டப்படுத்துகிறது. பின்னாலேயே விஞ்ஞானிகளும் விமானிகளும் நாங்களும் பனிக்கட்டிகளைச் சவளால் அள்ளி எறிகிறோம். என் கை மரத்துப்போகிறது. சிவம் அண்ணை நிமிரவே இல்லை.

பிற்பகலில் விமானம் குலுங்கிக்கொண்டு இறங்குகிறது. நீலக் கம்பளித் தொப்பியுடன் சிவம் அண்ணையின் மனைவி படியிறங்கி, நாலு பக்கமும் பார்க்கிறார்.

"இஞ்சாருங்கோ, கடல் கடலெண்டு சொன்னியள். எங்கை கடல்?"

"கடலிலைதானப்பா நிக்கிறீர்!"

"ஐயோ!" என்று அலறிக் கணவரின் தோளைக் கட்டிப்பிடிக்கிறார் அக்கா. எல்லோரும் சிரிக்கிறோம். கூடாரம் வரும்வரை அக்கா பிடியை விடவில்லை. சிவம் அண்ணையும் மிக மெதுவாகத்தான் நடக்கிறார்.