சோனிக் தொட்டியில் வாவி மணம்

1. இரண்டு வாளி

வளைகுடாவில் பாலைவனத்துக்குள் இருந்த யார்டில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, வாளிக்குள் கையை விட்டுப் பார்ப்பது. சூப்பர்வைசர் சேகர் சார் நாகப்பட்டினத்துப் பக்கத்து மனிதர். என் முன்னால் இரண்டு வாளிகளை வைத்தார்.

"கிளவுஸ் போட்டுக்கிட்டு கைய விடுய்யா. என்னன்னு சொல்லு."

முதல் வாளியில் இருந்தது ஆறிப்போன சவ்வரிசிக் கஞ்சி மாதிரி. கையைத் தூக்கினால் நூல் நூலாக இழுபட்டது. மற்ற வாளியில் கலங்கல் தண்ணீர்.

"ரெண்டும் ஒண்ணுதான். நடுவுல அந்த மெஷின் இருக்கு, அவ்வளவுதான்" என்றார்.

படிப்பு எனக்குப் பெரிதாக இல்லை. விளங்கிய அளவில் சொல்கிறேன். எண்ணெய்க் கிணறுகளிலும் வாயுக் கிணறுகளிலும் அடிப்பாறையைப் பிளப்பதற்குத் தண்ணீரைப் பெரும் அமுக்கத்தில் உள்ளே தள்ளுவார்கள். அதோடு மணலும் போகவேண்டும். வெறும் தண்ணீரில் மணல் அடியில் படிந்துவிடும். அதனால் குவார் என்கிற ஒருவகை அவரையின் மாவைக் கலந்து தண்ணீரைத் தடிப்பாக்குவார்கள். வேலை முடிந்ததும் அது உப்பு, எண்ணெய், மண் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு திரும்பி மேலே வரும். முன்னர் அதைக் குழிகளில் விட்டு வெயிலில் காயப்போட்டார்கள். நல்ல தண்ணீருக்கு அவ்வளவு தட்டுப்பாடான இடத்தில் அது பாவம். எங்கள் யார்டில் அதை அல்ட்ராசவுண்டால் உடைத்து, வடித்து, அடுத்த கிணற்றுக்கு அனுப்பினோம்.

அல்ட்ராசவுண்ட் என்றதும் வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கிற ஸ்கேன்தான் எனக்கு ஞாபகம் வந்தது. இது வேறு. ஒரு இரும்புத் தொட்டிக்குள் டைட்டானியம் தண்டுகள் இறங்கி நிற்கும். அவற்றை ஹோர்ன் என்போம், முழு மெஷினையும் சோனிக் என்போம். கரண்ட் போனால் அவை காதுக்கு எட்டாத வேகத்தில் அதிரும். கஞ்சிக்குள் பொடிக் குமிழிகள் உண்டாகி வெடிக்கும், அந்த வெடிப்பில் பசை நூல்கள் அறுந்துவிடும். காதுக்கு எட்டாது என்பது பேச்சுக்குத்தான். பக்கத்தில் நின்றால் கொதி எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு கீச்சு. இயர்மஃப் இல்லாமல் கிட்டப் போகவே விடமாட்டார்கள்.

காலையில் ஸ்விட்ச் போடுமுன் அம்மாளாச்சியை நினைத்து பேனலைத் தொட்டுக் கும்பிடுவேன். "உங்க சாமிக்கும் ஒரு ஹெல்மெட் வாங்கிக் குடுய்யா" என்பார் சேகர் சார். ஆனால் நான் கும்பிட்டு முடியுமட்டும் ஸ்விட்சில் கை வைக்கமாட்டார்.

2. மச்சான்

என் தங்கச்சி செல்வியின் புருசன் தவராசா. எங்கள் ஊர்ப் பக்கம் வாழைச்சேனையில் தோணி வைத்துத் தொழில் செய்தவர். கடலும் வாவியும் கைகொடுக்காத ஒரு வருசத்தில் செல்வி என்னிடம் போனில் அவருக்கு வேலை கேட்டாள், நான் சேகர் சாரிடம் கேட்டேன், மச்சான் வந்துசேர்ந்தார்.

நல்ல வேலைக்காரன். வாயும் அதற்குத் தக்கது. கேம்பில் எல்லோரும் அவரைச் சுற்றித்தான் இருப்பார்கள்.

பழைய கஞ்சி வந்தால் அதிலே கிருமி பிடித்து ஒரு மணம் அடிக்கும். மற்ற நாட்டுப் பொடியன்மார் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகுவார்கள். எங்களுக்கு அது பழகின மணம். முகத்துவாரம் மூடிக்கிடக்கிற காலத்தில் வாவிக் கரையில் இறங்கிக் கண்டல் மரங்களுக்குள் சேற்றைக் காலால் கிளறினால் இதே மணம்தான் மேலே வரும். அந்தச் சேற்றில் நின்றுதான் நாங்கள் சின்னதில் றால் தடவினோம்.

மச்சான் நெஞ்சு நிறைய இழுப்பார். "மச்சான், ஊர் மணக்குது. இண்டைக்குச் சோத்துக்குக் கறி தேவையில்ல."

நானும் சிரிப்பேன். வேலைக்குச் சேர்ந்தபோது வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தார்கள், எச்-டூ-எஸ் என்று ஒரு வாயு இருக்கிறது, அழுகல் முட்டை மாதிரி மணக்கும், ஆளைக் கொல்லும் என்று. பரீட்சையில் இரண்டு பேரும் சரியாகத்தான் எழுதினோம். ஆனால் பாடத்தில் படித்த வாயுவும் எங்கள் சேற்று மணமும் ஒன்றுதான் என்று மூக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஊரில் திறந்த வெளி, காற்று அடித்துக்கொண்டு போய்விடும். யாரும் அதனால் விழுந்ததாக நாங்கள் கேள்விப்படவில்லை.

3. தொட்டிப் பள்ளம்

அன்றைக்குக் கஞ்சி கொண்டுவந்த பவுசர் லொறி வழியில் பழுதாகி வெயிலில் கிடந்து வந்தது. கஞ்சி கறுத்திருந்தது. காலைச் சாப்பாடு முடித்து, அதை இழுத்து சோனிக்கைப் போட்டோம். மணம் ஒரேயடியாக எழும்பியது. மச்சான் வழமைபோல எனக்குக் கையால் சைகை காட்டினார், சோறு பிசைகிற மாதிரி.

கொஞ்ச நேரத்தில் பம்ப் இழுக்கவில்லை. ஸ்ட்ரெயினர் என்கிற வடிகட்டி அடைத்துவிட்டது. அது தொட்டிக்குப் பக்கத்துப் பள்ளத்தில் இருந்தது. மேலே திறந்த, நெஞ்சளவு ஆழமான பள்ளம்தான். நாளுக்குப் பலதரம் இறங்கி ஏறுகிற இடம். மச்சான் இயர்மஃப்பை ஒரு பக்கம் தூக்கினார்.

"மணம் நிண்டுட்டு மச்சான். நான் இறங்கிக் கழட்டிப் போட்டு வாறன்."

நின்றது மணம் இல்லை, எங்கள் மூக்கு. அந்த வாயு கூடும்போது முதலில் மூக்கைத்தான் மரக்கச் செய்யும். கஞ்சிக்குள் கரைந்து கிடந்ததையெல்லாம் சோனிக் அதிர்வு உலுப்பி வெளியே எடுத்துவிட்டது. காற்றைவிடப் பாரமானது, பள்ளத்தில் போய்க் குடியிருந்தது. மச்சானின் கேஸ் மீட்டர், வாயு கூடினால் கத்துகிற கருவி, ஏப்ரனுக்கு உள்ளே, சட்டைப் பையில். அது கத்தியிருக்கும். இயர்மஃப்புக்குள் அவருக்குக் கேட்டிருக்காது.

அவர் குனிந்தார். பிறகு மெல்லக் குந்தி இருந்தார், களைப்பாற இருக்கிற ஆள் மாதிரி. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. அப்போதுதான் என் கழுத்துப்பட்டியில் இருந்த மீட்டர் கத்தத் தொடங்கியது.

எமர்ஜென்சி பொத்தானை அடித்தேன். அடித்த கையோடு என் கால் பள்ளத்துப் படியில் நின்றது.

எங்கள் பக்கத்தில் தோணியில் இருந்து ஒருவர் தண்ணீரில் விழுந்தால் அடுத்தவர் குதிப்பார். அதில் யோசனை கிடையாது. யோசித்தவனை ஊர் மறக்காது. அந்தக் கால்தான் படியில் நின்றது.

"எறங்காத! மூர்த்தி, எறங்காதய்யா! செட்ட மாட்டு!" சேகர் சார் ஷெட்டுக்குள் இருந்து மூச்சுக்கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

காலை எடுத்தேன். எப்படி எடுத்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அம்மாளாச்சிதான் பிடித்து இழுத்தாள் என்று நம்புகிறேன்.

சிலிண்டரை முதுகில் போட்டேன். இடுப்புப் பட்டி. வால்வைத் திறந்து கேஜ் பார்த்தேன். மாஸ்க்கை நாடியில் வைத்து கீழ் வார்கள் இரண்டு, மேல் வார்கள் இரண்டு. உள்ளங்கையால் பொத்தி, காற்று கசிகிறதா என்று இழுத்துப் பார்த்தேன். கசிந்தது. ஒரு வாரைத் திரும்ப இறுக்கினேன். இவ்வளவும் செய்யும்போது என் தங்கச்சியின் புருசன் என் கண்ணுக்கு முன்னால் வாயில் நுரையோடு கிடக்கிறார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே வார் இழுக்கிறேன்.

சேகர் சாரும் மாட்டிக்கொண்டதும் இரண்டு பேரும் இறங்கித் தூக்கினோம். வெளியே கிடத்தியபோது மூச்சு இல்லை. சேகர் சார் நெஞ்சை அமுக்கினார், அமுக்கிக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ்காரர் ஒக்சிஜன் வைத்த பிறகு ஒரு விக்கல் வந்தது. அந்த விக்கல் எனக்குக் கோயில் மணி.

4. செல்வி

மச்சான் பிழைத்தார். ஆனால் முந்தின மச்சானாக இல்லை. வலதுகை நடுங்கும். பேச்சு பாதியில் நின்றுவிடும். தனியாகத் தோணி எடுக்க ஏலாது. கம்பனி அவரை ஊருக்கு அனுப்பியது. கிடைக்கவேண்டியதைக் கொடுத்தார்கள்.

செல்விக்கு நான் போனில் சொன்னது, "வாயு அடிச்சிட்டு, கடவுள் காப்பாத்திட்டார்" என்று மட்டும்தான். மிச்சத்தைக் கேம்பில் இருந்த வேறு யாரோ சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு அவள் என் போனை எடுக்கவில்லை.

லீவில் வந்ததும் வாழைச்சேனைக்குப் போனேன். மச்சான் முற்றத்தில் கதிரையில் இருந்தார். செல்வி குசினி வாசலுக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டு, முதுகைக் காட்டிக் கிறுகி உள்ளே போனாள். நான் பின்னால் போனேன்.

"என்ன புள்ள, அண்ணனோட கதைக்கமாட்டியா?"

அவள் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள். "நீங்க மேல நிண்டு பாத்துக்கொண்டு நிண்டீங்களாம். உண்மையா?"

"நிண்டன்."

"அவர் உசிருக்குப் போராடிக் கிடக்கக்குள்ள?"

"ஓம் புள்ள. மாஸ்க் போட்டுக்கொண்டு நிண்டன்."

"உங்கட சொந்தத் தம்பி எண்டா நிண்டிருப்பீங்களா?"

"நிண்டிருப்பன். போடாமல் இறங்கியிருந்தா நானும் அவருக்குப் பக்கத்தில கிடந்திருப்பன். தூக்கிறதுக்கு ஆள் இருந்திருக்காது."

"சும்மா சொல்லாதீங்க. ஒரு மாஸ்க் போட எவ்வளவு நேரம்? போட்டுக் காட்டுங்க பாப்பம்."

என்னிடம் மாஸ்க் இல்லை. குசினிக்குள் நின்று வெறுங்கையால் காட்டினேன். சிலிண்டரை முதுகில் போட்டேன். பட்டியைப் பூட்டினேன். வால்வைத் திறந்தேன். ஒவ்வொன்றையும் வாயால் சொல்லிக்கொண்டே செய்தேன். கீழ் வாருக்கு வந்தபோதுதான் கவனித்தேன். செல்வி திருவலையை விட்டு எழும்பி நிற்கிறாள். வாயை மூடி, மூச்சை அடக்கிக்கொண்டு என் கையையே பார்க்கிறாள். முகம் சிவந்துவிட்டது. நான் அவசரப்படவில்லை. அன்றைக்குச் செய்த மாதிரியே செய்தேன். உள்ளங்கையால் பொத்தினேன், கசிந்தது என்றேன், வாரைத் திரும்பப் பிடித்தேன்.

அதற்குமேல் அவளால் ஏலவில்லை. மூச்சு உடைந்து வெளியே வந்தது. அடுப்புக் கட்டைப் பிடித்துக்கொண்டு வாங்கி வாங்கி இழுத்தாள். பிறகு அழுதாள்.

மச்சான் எப்போது வாசலுக்கு வந்தார் என்று தெரியாது. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இவ்வளவு நேரமா... மச்சான்... நான் கிடந்த?" என்றார் விட்டுவிட்டு.

"ஓம் மச்சான். இவ்வளவு நேரம்தான்."

"அப்ப நான்... நல்லா நித்திரை கொண்டிரிக்கன்" என்றார்.

செல்வி அழுகைக்குள்ளே அவருடைய தோளில் ஒரு அடி போட்டாள். அன்றைக்கு அங்கேதான் சாப்பிட்டேன்.

நம்ம பகுதியில் இருந்து இந்த மாதிரி வேலைகளுக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் அறிந்ததைச் சொல்கிறேன். மீட்டரை உடுப்புக்கு வெளியே, கழுத்துக்குக் கிட்டக் குத்துங்கள். ஊரில் பழகின மணம் என்று எதையும் நம்பாதீர்கள். மணம் நின்றால்தான் பயப்பட வேண்டும். விழுந்துகிடப்பவர் கூடப் பிறந்தவராக இருந்தாலும் முதலில் உங்கள் மூச்சை மாட்டிக்கொள்ளுங்கள். அப்படி நிற்கிற நேரம் மிகக் கொடியது, ஆண்டவன் துணையில்லாமல் நிற்க முடியாது. வீட்டுக்கு வந்ததும் அதை உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் விட்டதால் என் தங்கச்சி அதை வேறு வாயால் கேட்டாள். வார் இழுத்த நேரத்தைவிட, அவள் என்னோடு கதைக்காமல் இருந்த காலம்தான் எனக்கு நீண்டது.