‘ப்ரொக்ளெய்ம்’ என்ற சொல்லுக்கு ஓர் உதாரணம்

ஒன்பதாம் வகுப்பில் ஆங்கில வாத்தியார், ‘ப்ரொக்ளெய்ம்’ என்றால் ஊரறியப் பிரகடனம் செய்வது, அரசர்கள் செய்வது என்றார். உதாரணம் கேட்டார். கிராமசபைக் கூட்டத்தை என் அப்பா தெருத்தெருவாகப் பறையடித்து அறிவிப்பதைச் சொன்னேன். வகுப்பே சிரித்தது.

“அது வெறும் தண்டோராடா, உட்காரு” என்றார் வாத்தியார்.

அந்தக் கூட்டத்தில் எல்லோரும் நாற்காலியில் இருக்க, அப்பா மட்டும் பறையோடு வெளியே வெயிலில் நிற்பார்.

“உள்ள போய் குந்துப்பா” என்பேன்.

“ஒருத்தர வுடாம கூப்ட்டுக்கினு வந்தேன். என்னிய எவன்டா கூப்ட்டான்?” என்பார்.

இன்று அதே பள்ளியில் அதே சொல்லை நடத்துவது நான். உதாரணத்துக்கு எந்த அரசனையும் தேடுவதில்லை. ‘என் அப்பா பிரகடனம் செய்தார்’ என்றுதான் ஆங்கிலத்தில் கரும்பலகையில் எழுதுகிறேன். எவனாவது சிரிக்கட்டும், பார்க்கிறேன்.