பூனைக்காக நின்ற கப்பல்

என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ‘ஃபைல் அக்கா’ என்று பெயர். இருபத்தாறு வருடமாக அங்கே ரெக்கார்டு ரூம் அவள் பொறுப்பில் இருக்கிறது. அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத நீள அறை, தரையிலிருந்து கூரை வரை இரும்பு அலமாரிகள். பெரிய பெரிய டாக்டர்கள்கூட வாசலில் நின்று, “அக்கா, போன மாசம் ஒரு கேஸ்...” என்று இழுப்பார்கள். “நம்பர்?” என்பாள். நம்பர் இல்லாமல் வந்தவர் யாரானாலும் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். வீட்டிலும் அதே ராஜ்ஜியம். சர்க்கரை டப்பாவில் வாங்கிய தேதி, பிரஷ்ஷில் மாற்ற வேண்டிய தேதி. கல்யாணமான புதிதில் என் கண்ணாடிக் கூட்டிலும் ஒரு சீட்டு ஒட்டினாள். நான் கண்ணாடிக் கடைக்காரன். எனக்கே சீட்டு!

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த அப்பாவோ ஒரு துண்டுக் காகிதம்கூடச் சேர்த்து வைக்காத மனுஷர். மாமா நாற்பது வருடம் ஹோட்டல் சமையலறையில் வேலை பார்த்தவர். ஆனால் அந்த நாற்பது வருடத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசமாட்டார். பத்தொன்பது வயதில் ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரருக்கு உதவியாளாகப் போய், பதினோரு மாதம் கடலில் இருந்தார். பேச்செல்லாம் அந்தப் பதினோரு மாதத்தைப் பற்றித்தான். அதிலும் பூனைக் கதை.

கரையே தெரியாத நாற்பத்துமூன்று நாள் பயணத்தில், பதினேழாவது நாள் காலை, கப்பல் பூனை தவறிக் கடலில் விழுந்துவிட்டதாம். கேப்டன், “விழுந்தது நம்ம ஆள்” என்று சொல்லி இன்ஜினை நிறுத்தி, கப்பலைத் திருப்பி, படகை இறக்கச் சொன்னாராம். படகில் போன நாலு பேரில் மாமா ஒருவர். தண்ணீரில் குதித்துப் பூனையைத் தூக்கியது அவர்தானாம்.

பதினோரு வருடத்துக்கு முன்பு எங்கள் வீட்டு விருந்தில் இதைச் சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்தவர் என் அப்பா, கணக்கு வாத்தியார்.

“சம்பந்தி, சரக்கு ஏத்தின கப்பல் சைக்கிளா, பிரேக் போட்டதும் நிக்க? நின்னு, திரும்பி, போய்ச் சேர்றவரைக்கும் பூனை நீந்திக்கிட்டே இருந்துச்சா? எந்த ஸ்கூல்ல நீச்சல் படிச்சுது?”

எல்லோரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தவன் நான். மாமா அசடு வழிய உட்கார்ந்திருந்தார். தன் அப்பாவைப் பார்த்துப் பிறர் சிரிப்பதை என் மனைவியால் தாங்க முடியவில்லை. அந்தக் கோபத்தை எங்கள்மேல் காட்டாமல் அவர்மேலேயே காட்டினாள்.

“அப்பா, போதும். இனிமே இந்தக் கப்பல் கதையை எங்கேயும் எடுக்காதீங்க.”

“சரிம்மா” என்றார்.

நாலு நாளில் மறுபடி அளக்க ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். ஆரம்பிக்கவில்லை. மாமியார் காலமான பிறகு எங்களோடு வந்து தங்கினார். பிள்ளைகள் கதை கேட்டு நச்சரித்தபோதுகூட, “அதெல்லாம் மறந்துபோச்சு கண்ணு” என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். அதைக் கேட்டு அடுப்படியில் இவள் முகம் செத்துப்போனது. அன்று என்னிடம் சொன்னாள்: “பொய்யா இருந்தா பரவாயில்லைங்க. நிஜமா இருந்துட்டா? உண்மை பேசினவர் வாயை இல்ல அடைச்சிருக்கேன்?”

போன வருடம் ஆஸ்பத்திரியின் பழைய பதிவேடுகளை ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்க வேனில் போனாள். அங்கே பக்கத்து அலமாரியில், எப்போதோ மூடிவிட்ட ஒரு கப்பல் கம்பெனியின் புத்தகங்கள். ஒரு முதுகு அட்டையில் மாமா வேலை பார்த்த கப்பலின் பெயர். சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த பெயரை எழுத்தில் பார்த்ததும் விரலால் தடவித் தடவிப் படித்தாளாம்.

அடுத்த சனிக்கிழமையே போய்விட்டாள். அங்கே பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும். சீட்டு எழுதிக் கொடுத்தால் ஒரு நாளைக்கு நாலு புத்தகம். தன் தொழிலைத் தன்னிடமே ஒருவர் கறாராகச் செய்வதைப் பார்த்து, “நல்ல ஆபீஸ்ங்க” என்று மெச்சிக்கொண்டாள். மாமாவிடம் மூச்சு விடவில்லை. ஐந்து சனிக்கிழமை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். ஊழியர் பட்டியலில் மாமாவின் பெயர் இருந்தது. நாற்பத்துமூன்று நாளும் சரியாக இருந்தது. பதினேழாவது நாளும் கிடைத்தது. அதில் கேப்டன் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘10.40 இன்ஜின் நிறுத்தம். படகு இறக்கிப் பயிற்சி. 11.30 பயணம் தொடர்ந்தது.’

பூனை இல்லை.

அன்று சாயங்காலம் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். “கப்பல் நின்னது நிஜம். பூனை மட்டும் அப்பா சேர்த்ததுபோல” என்றாள். அதோடு விடுவாள் என்று பார்த்தேன். சாப்பிட உட்கார்ந்தவள் பாதியில் நிமிர்ந்தாள்.

“முந்தின நாளும் படகுப் பயிற்சின்னு எழுதியிருக்கு. எங்க ஆஸ்பத்திரியில தீயணைப்புப் பயிற்சி ஆறு மாசத்துக்கு ஒருதடவை. எவன் அடுத்தடுத்த நாள் செய்வான்?”

“கப்பல்ல செய்வாங்களோ என்னவோ” என்றேன்.

“நீங்க சும்மா இருங்க. கேஸ் ஷீட்ல ‘நோயாளி நன்றாக உறங்கினார்’னு டாக்டர் எழுதியிருப்பார். நர்ஸ் நோட்டைத் திருப்பினா, கட்டில்லேருந்து விழுந்தது இருக்கும். பூனைக்காகக் கப்பலை நிறுத்தினேன்னு எந்தக் கேப்டன் முதலாளிக்கு எழுதுவான்? வேற நோட்டு இருக்கும்.”

ஆறாவது சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு நானும் போனேன். கப்பலின் மருந்துப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினாள். அந்தக் காலச் சரக்குக் கப்பலில் டாக்டர் கிடையாதாம். ஒரு அதிகாரியே மருந்துப் பெட்டியையும் பார்த்துக்கொண்டு, யாருக்கு என்ன கொடுத்தார் என்று எழுதிவைப்பாராம். மெல்லிய புத்தகம், பழுப்பேறிய தாள். அதே தேதியில் மாமாவின் பெயர். ‘சமையல் உதவியாள். உடல் முழுதும் நனைந்து வந்தார். இரு முன்கைகளிலும் நகக் கீறல்கள், மொத்தம் பதினான்கு. அயோடின் தடவி, போர்வை கொடுக்கப்பட்டது.’

யார் நகம் என்று எழுதவில்லை. எழுதத்தான் வேண்டுமா? அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். எல்லாத் தலைகளும் திரும்பின. பிறகு அப்படியே அழுதாள். நான் கைக்குட்டையைக் கொடுத்தேன். “தாள் மேல கண்ணீர் படாமப் பாருங்க” என்று பக்கத்தில் வந்து சொன்னார் காப்பக ஊழியர். இவள் மன்னிப்புக் கேட்டு நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டாள்.

மறுநாள் என் பெற்றோரைச் சாப்பிடக் கூப்பிட்டாள். சாப்பாடு பரிமாறும் முன், காப்பகத்தில் வாங்கி வந்த இரண்டு பதிவுகளின் நகல்களையும் மேஜையில் வைத்தாள். என் அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு தடவை படித்தார். விரல்விட்டு எண்ணினார்.

“ஐம்பது நிமிஷம். நிக்கணும், திரும்பணும், படகு இறக்கணும்... கணக்கு சரியாத்தான் வருது” என்றார். தோற்ற வாத்தியாரின் குரல் எனக்குத் தெரியும்.

இவள் தன் அப்பா பக்கம் திரும்பினாள். “அன்னைக்கு எல்லார் முன்னாடியும் உங்க வாயை அடைச்சேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன், தப்பு என்மேலதான்ப்பா.”

“அதுக்கென்னம்மா, விடு” என்றார் மாமா. அவ்வளவுதான். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு வருடம் மூடிய வாய், ஒரு நகலைக் காட்டியதும் திறந்துவிடுமா என்ன?

அவள் விடவில்லை. தானே என் பெற்றோருக்குச் சொல்ல ஆரம்பித்தாள், ரெக்கார்டு ரூம் பாணியில். “பதினேழாவது நாள், காலை பத்து நாற்பது. பூனை விழுந்தது. கருப்புப் பூனை. படகு இறக்கப்பட்டது...”

“கருப்பா? யார் சொன்னா?” மாமா நிமிர்ந்தார். “சாம்பல் நிறம்மா. வால் நுனி மட்டும் வெள்ளை. அதோட, எடுத்ததும் படகுக்குப் போனா எப்படி? அலை எப்படி இருந்துச்சுன்னு சொல்ல வேண்டாமா?”

“எப்படி இருந்துச்சு?”

மாமா நாற்காலியை மேஜைக்கு நெருக்கிப் போட்டுக்கொண்டார். இரண்டு கையையும் விரித்தார். அலை எழும்பியது, வீட்டுக் கூரையைத் தொடும் அலை.

என் அப்பாவால் பொறுக்க முடியவில்லை. “சம்பந்தி, அவ்வளவு உயரம்னா படகு...” என்று ஆரம்பித்தார்.

“மாமா, கொஞ்சம் சும்மா இருங்க” என்று என் அப்பாவை அடக்கினாள் என் மனைவி. “அப்பா பேசட்டும்.”