ஜாப் கார்டின் பின்பக்கம்

போன வாரம் ஒரு சாயங்காலம். காலிங் பெல் விடாமல் அடித்தது. திறந்தால் மாடி வீட்டு வர்ஷா. ஒரு கையில் போன், இன்னொரு கையில் பாதி சாப்பிட்ட வாழைப்பழம்.

"ஆன்ட்டி, சீக்கிரம்... எனக்கு டெஸ்ட் வைங்க!"

வர்ஷாவுக்குக் கல்லூரியில் கடைசி வருடம். மாடல் ஆக வேண்டும் என்பது அவள் பத்தாவது படிக்கும்போதே எடுத்த முடிவு. இப்போது ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்துக்குத் தேர்வாகியிருக்கிறாள். ஏஜென்சிக்காரர்கள் நடந்துகொள்ள வேண்டிய முறை என்று பத்து பாயிண்ட் அனுப்பியிருக்கிறார்கள். அதை இவள் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்திருக்கிறாள். நான் கேள்வி கேட்க வேண்டுமாம்.

சரி, கேட்டேன்.

"ஒன்பது மணிக்கு வரச் சொன்னால்?"

"எட்டே முக்காலுக்கு அங்கே இருக்கணும்."

"முகம்?"

"மேக்கப் இல்லாம வரணும். நகத்துல கலர் கூடாது."

"செட்டில்?"

"போன் சைலன்ட். செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போடக் கூடாது."

"ஒரே சிரிப்பை இருபது தடவை சிரிக்கச் சொன்னால்?"

"மூஞ்சியச் சுளிக்காம இருபத்தோராவது தடவையும் சிரிக்கணும்!"

நூற்றுக்கு நூறு. வாழைப்பழத்தை முடித்துவிட்டு அவள் கேட்டாள்... "உங்க காலத்துல இந்த மாதிரி ப்ரொஃபஷனலா மாடல்ஸ் இருந்தாங்களா ஆன்ட்டி?"

உங்க காலம்! நான் என்ன பல்லவர் காலத்திலா இருந்தேன்? இருந்தாலும் கோபம் வரவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. பதிலின் பெயர் முனீஸ்வரி.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும் — எழுத வருவதற்கு முன்னால் நான் சிவகாசியில் ஓர் ஆஃப்செட் பிரஸ்ஸில் வேலை பார்த்தேன். டிசைனிங் செக்‌ஷன். இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள். விருதுநகர் வீட்டிலிருந்து தினமும் பஸ். திருத்தங்கல் தாண்டும்போதே மூக்குக்குள் இங்க் வாசனை வந்துவிடும். கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போதும் அது பாதி விழித்துத்தான் இருக்கும். அந்த மெதுவான கம்ப்யூட்டரையும் அந்த டீயையும் இப்போதும் அப்படித் தேடுகிறது மனசு.

எங்களுக்கு முக்கால்வாசி வேலை பட்டாசு லேபிள்தான். பெட்டி மேலே மத்தாப்பூ பிடித்துச் சிரிக்கும் பெண்கள் இருக்கிறார்களே, அவர்கள் எல்லாம் யார்? சத்தியமாக எங்களுக்கும் தெரியாது. எங்கிருந்தோ படம் வரும். வெட்டி ஒட்டி அச்சுக்கு அனுப்புவோம். அந்தப் பெண்ணிடம் கேட்க வேண்டும் என்று ஒரு விஷயம் உலகத்தில் இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

அதில் ஒரு வருடம் மாட்டிக்கொண்டோம். எங்கள் வாடிக்கையாளர், பட்டாசு கம்பெனி முதலாளி ஒருவர்... எல்லோருக்கும் அண்ணாச்சி. அவருடைய பெட்டியில் சிரித்த அதே பெண், அதே தீபாவளிக்கு, போட்டிக் கம்பெனியின் பெட்டியிலும் சிரித்துவிட்டாள். அண்ணாச்சி இரண்டு பெட்டிகளையும் என் மேஜையில் வைத்தார்.

"ஏம்மா, இவ நம்ம ஆளா, அவுக ஆளா?"

அந்த வருடம்தான் முடிவானது. புஸ்வாணப் பெட்டிக்குச் சொந்தமாக ஆள் வைத்துப் போட்டோ எடுப்பது. மதுரையிலிருந்து போட்டோகிராபர் தாமஸ் அண்ணன் வருவார். ஆள்தான் கிடைக்கவில்லை. சேதி எப்படியோ பரவியது. நாலாம் நாள் என் மேஜைக்கு முன்னால் ஒரு பெண் வந்து நின்றாள். இருபது, இருபத்தொன்று வயது இருக்கும். கையில் ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.

"அக்கா, லேபிள்ல நிக்கதுக்கு ஆள் எடுக்கீகளாமே?"

லேபிளில் நிற்பது! மாடலிங் என்ற வார்த்தைக்கு அதைவிட நல்ல தமிழை நான் இன்றுவரை கேட்டதில்லை.

முனீஸ்வரி. திருத்தங்கல் பக்கம். அண்ணாச்சி ஃபேக்டரியிலேயே பேக்கிங் ரூமில் லேபிள் ஒட்டுகிறவள். சினிமா பார்த்தா ஆசை வந்தது என்று கேட்டேன். இல்லையாம். காலையிலிருந்து சாயங்காலம் வரை லேபிள் முகங்களையே பார்த்துப் பார்த்து வந்த ஆசையாம். என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த பழைய லேபிள்களை விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள்.

"இந்தப் பொண்ணு வாயி சிரிக்கு, கண்ணு சிரிக்கல. இவ மத்தாப்ப அகப்பை மாதிரி புடிச்சிருக்கா. இந்தா, இவதான்க்கா சரி. தீயப் பாக்கா பாருங்க."

இத்தனை லேபிள் செய்த எனக்கு இது ஒருநாளும் தோன்றவில்லையே!

போகும்போது தயங்கினாள். "எங்கம்மா ஒரே ஒரு கண்டிசன் போட்டிருக்கு. டப்பா மேல போட்டுக்கோங்க. வெடி மேல மட்டும் ஒட்டக் கூடாது."

குருவி வெடி மாதிரி சின்ன வெடிகளுக்கு ஒவ்வொன்றின் உடம்பிலும் லேபிள் சுற்றி ஒட்டுவார்கள். வெடித்தால் படமும் சேர்ந்து போகும். அதைத்தான் சொல்கிறாள். நான் சிரித்தேன். "காகிதம்தானே முனீஸு, செதறினா என்ன?"

அவள் சிரிக்கவில்லை.

"செதறுறதுன்னா எங்க வீட்ல வேறக்கா. எங்க சித்தி வேலை பாத்த ரூம்பு வெடிச்சப்ப, எங்கம்மாதான் போய்ப் பாத்துட்டு வந்துச்சு. அதுலருந்து தீவாளி அன்னைக்கித் தெருவுல பேப்பர் கெடந்தாலே அது வெளிய வராது."

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பிரஸ்ஸில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஜாப் கார்டு உண்டு. கம்பெனி பெயர், சைஸ், கலர், தாள்... எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கும். அம்மாவின் கண்டிஷனுக்கு ஏது கட்டம்? கார்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் அவள் முன்னாலேயே எழுதினேன். 'படம் டப்பாவுக்கு மட்டும். வெடி மேல் ஒட்டக் கூடாது.' படித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

போட்டோ எடுக்கும் நாள். ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கும்போதே அவள் வாசலில் நின்றாளாம் — ஆறரைக்கு! ஃபேக்டரி வண்டி அந்த நேரத்துக்குத்தான் வருமாம். பழக்கம்.

நான் வீட்டிலிருந்து கண்ணாடி வளையல், கொலுசு, தலைக்குக் குத்தச் சடைப்பின் என்று ஒரு பை நிறையக் கொண்டு போயிருந்தேன். அலங்காரம் எல்லாம் முடிந்தது. தாமஸ் அண்ணன் லைட் போட்டார். புஸ்வாணப் பெட்டியை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு கேமராவுக்குப் பின்னால் போய் எட்டிப் பார்க்கிறார்... வளையலைக் காணோம்!

செருப்பு வாசலுக்கு வெளியே. வளையல், கொலுசு, சடைப்பின் எல்லாம் கழற்றி, என் கைக்குட்டையில் முடிந்து ஓர் ஓரமாக வைத்திருக்கிறாள்.

"என்னம்மா இது?" என்றார் அண்ணன்.

நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சரக்கு இருக்க எடத்துல இதெல்லாம் போடக் கூடாதுல்ல அண்ணே? உரசினா பொறி வந்துரும்."

"அது டம்மிம்மா. உள்ளே மருந்தே கிடையாது."

"அது தெரியும்ண்ணே. பெட்டியப் பாத்ததும் கை தானாக் கழட்டிருது..."

மறுபடி போட்டுவிட்டோம். லைட்டைச் சரி செய்வதற்குள் மறுபடி கழற்றிவிட்டாள். அவளுக்கே வெட்கம் தாங்கவில்லை. மூன்றாவது தடவை அண்ணன் கும்பிடு போட்டார். "விடுங்க, அப்படியே எடுத்துருவோம்." ஃபிலிம் ரோல் காலம். ஒவ்வொரு கிளிக்கும் யோசித்து அமுக்க வேண்டும். அவள் கேட்டாள் — "எந்தச் சிரிப்புண்ணே? பல்லுத் தெரியுறதா, இல்ல கண்ணுல மட்டுமா?" அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். மெட்ராஸில் எவ்வளவோ பேரை எடுத்திருக்கிறேன், இப்படி யாரும் கேட்டதில்லை என்றார்.

படம் வந்தது. அண்ணாச்சி ப்ரூஃபைப் பார்த்துவிட்டு, "கை மொட்டையா இருக்கே... தீவாளிக்கு நல்லாவா இருக்கும்?" என்று இழுத்தார். காரணத்தைச் சொன்னேன். படத்தை மறுபடி கையில் எடுத்துப் பார்த்தார். "நம்ம ரூம்புப் பிள்ளைன்னு தெரியுது. இருக்கட்டும்" என்றார். வளையல் இல்லாத கையோடு, ஒரு பூ மாதிரி எழும்பும் தீயைப் பார்த்தபடி, முனீஸ்வரி லேபிளில் நின்றாள். அவள் அம்மா அந்தப் பெட்டி ஒன்றை சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

ஆவணி பிறந்தது. சீசன். பிரஸ்ஸில் யாரும் யாரோடும் உட்கார்ந்து பேச முடியாது. அண்ணாச்சி கம்பெனியிலிருந்து போன். குருவி வெடிக்கு அவசரமாகப் புது லேபிள் வேண்டும், லோடு நிற்கிறது, இருக்கிற படத்தை வைத்து முடித்துக் கொடுங்கள். பழைய ஜாப் கார்டை எடுத்தேன். கட்டங்களைப் பார்த்துப் புதுக் கார்டில் எழுதினேன். படம் என்ற இடத்தில் 'ரிப்பீட்' என்று போட்டேன். ஒரு மணி நேரத்தில் டிசைன் ரெடி. மேனேஜர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கார்டைத் திருப்பிப் பார்க்கவில்லை.

சில நாள் கழித்து, ஒரு சாயங்காலம், முனீஸ்வரி வந்தாள். ஷிஃப்ட் விட்டு நேராக வந்திருந்தாள். விரல்களில் பசை காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. ஒரு சின்ன லேபிளை மேஜையில் வைத்தாள். என் டிசைன். அவள் முகம்.

"எழுதினீகளேக்கா..."

உளறினேன். "அய்யோ முனீஸு... நீ எப்ப பாத்தே?"

"காலைல. எங்க மேசைக்குத்தான் வந்துச்சு. பக்கத்துல இருக்கவ, 'ஏட்டி, ஒன் மூஞ்சிய நீயே ஒட்டுதே'ன்னு சிரிக்கா."

"ஒட்டினியா? போர்மேன்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

இப்படி ஒரு கேள்வியை நான் கேட்டேன் என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"வந்த லேபிள ஒட்டுறது என் வேலைக்கா. என் வேலைய முடிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். நீங்க உங்க வேலையப் பாத்தீகளா?"

அந்தப் பழைய ஜாப் கார்டு என் மேஜையிலேயே இருந்தது. அவளே எடுத்தாள். திருப்பி, என் பக்கமாக வைத்துவிட்டுப் போய்விட்டாள். என் கையெழுத்து. அழகான கையெழுத்து வேறு!

அழுதுகொண்டே அண்ணாச்சியிடம் ஓடினேன். அவர் என்னைத் திட்டவில்லை. "எம்புட்டுப் பெரிய தப்பு நடந்து போச்சும்மா" என்றார். மிச்சம் இருந்த லேபிள் தாள்களை அன்றே கட்டிங் மெஷினில் போட்டு வெட்டச் சொன்னார். ஆனால் ஒட்டி முடித்த சரக்கு லாரி ஏறிப் போய்விட்டது. எந்த ஊருக்கு, எந்தத் தெருவுக்கு — யார் பின்னாலே ஓடிப்போய்க் கேட்பது?

அந்தத் தீபாவளிக் காலை, விருதுநகரில் எங்கள் வீட்டு வாசலைக் கூட்டினேன். தெரு முழுக்க வெடித்த காகிதம். விளக்குமாற்று முனையில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு வந்தது. முகம் இல்லை. கை மட்டும். வளையல் இல்லாத கை.

அதற்கு மேல் கூட்டவில்லை.

அடுத்த வருடம் விருதுநகர் எண்ணெய்க் கம்பெனி ஒன்றுக்குக் காலண்டர். பெண் வேண்டும் என்றார்கள். எனக்கு ஒரே ஒரு முகம்தான் ஞாபகம் வந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது? இருந்தாலும் சொல்லியனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது.

"வாறேன். ஆனா இந்தத் தடவ முன்பக்கத்துல எழுதச் சொல்லுங்க."

வந்தாள். அதே ஆறரை மணி. நான் அன்று ஆறு மணிக்கே போய் நின்றிருந்தேன். 'படம் காலண்டருக்கு மட்டும்' என்று எழுதிய கார்டை நீட்டினேன். முன்பக்கம் படித்தாள். திருப்பி, பின்பக்கம் வெறுமையாக இருக்கிறதா என்றும் பார்த்தாள். பிறகுதான் சிரித்தாள். கண்ணிலும் சேர்த்து. எண்ணெய்க்கு ஏது பொறி? அன்று அவள் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். கேமராவுக்கு முன்னால் அது குலுங்கின சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

வர்ஷா இந்தக் கதையை வாழைப்பழத் தோலைக் கையில் வைத்தபடியே கேட்டு முடித்தாள். நான் அவள் போனைக் காட்டினேன். பத்து பாயிண்ட். பத்தும் அவள் செய்ய வேண்டியவை. அவளை வைத்துப் படம் எடுக்கிறவர்கள் செய்ய வேண்டியது ஒன்றாவது இருக்கிறதா?

"கூடவே அக்ரிமென்ட்டும் அனுப்பியிருக்காங்க ஆன்ட்டி. பெரிசா இருந்துச்சு... நாளைக்குக் கையெழுத்துப் போடணும்."

"படிச்சியா?"

உட்கார்ந்து தள்ளித் தள்ளிப் படித்தாள். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது. அவள் படத்தை எங்கே வேண்டுமானாலும், எதற்கு வேண்டுமானாலும், எத்தனை வருடம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்வார்களாம். எழுத்து எறும்பு சைஸ்.

உடனே ஏஜென்சிக்கு போன் போட்டாள். ஆரம்பத்தில் 'சார்... சார்...' என்று இழுத்தாள். அப்புறம் தெளிவாகச் சொன்னாள்.

"ஜவுளிக்கடைக்கு மட்டும்னு எழுதுங்க சார். முதல் பக்கத்துல எழுதுங்க."